அக்கரைக்குக் கட்டி வைத்த அரிசி

அந்த வருடம் ஐப்பசி பதினேழாம் தேதி, மத்தியானம் மூன்று மணி வாக்கில், பெரியமேட்டுக்குப்பத்துக்கும் கொக்குத்திட்டுக்கும் நடுவில் இருக்கும் கழிமுகத்தின் மேல் ஒரு புயல் வந்து நின்றது. நின்றது என்றால், வந்து சுழன்று, நாலு கூரையைப் பிய்த்துப் பத்துத் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போய்ச் சேரும் மற்றப் புயல்களைப் போல இல்லை. பஸ் நிற்கிற இடத்தில் பஸ் நிற்பதுபோல நின்றது. இந்தக் கரையில் மணல் முடிந்து தண்ணீர் தொடங்கும் இடத்தில் அதன் மழை தொடங்கியது. ஒரு அடி இந்தப் பக்கம் மணல் காய்ந்து கிடந்தது. ஒரு அடி அந்தப் பக்கம் கையை நீட்டினால் முழங்கை வரை நனைந்தது, தோள் வரை நீட்டினால் காற்று ஆளையே இழுத்தது. கன்னங்கறேலென்று வானம் வரைக்கும் எழும்பி நின்ற அந்த மழைக்குப் பின்னால் கொக்குத்திட்டு தெரியவில்லை.

கொக்குத்திட்டு, முன்னால் உப்பங்கழியும் பின்னால் கடலுமாக நூற்றிருபது குடும்பங்கள் இருக்கிற மணல்திட்டு. படகில் இருபது நிமிடம். படகை விட்டால் வேறு வழி கிடையாது. பெரியமேட்டில் பெண் எடுக்காத வீடு அங்கே இல்லை, அங்கே பெண் கொடுக்காத வீடு இங்கே இல்லை. புயல் நின்ற அன்று மரகதவல்லியின் பதினோரு வயது மகள் சுடர்க்கொடி, தீபாவளி லீவுக்குப் போன இடத்தில், அந்தத் திட்டில் சித்தி பூங்காவனத்தின் வீட்டில் இருந்தாள்.

முதல் வாரம் ஊரே கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தது. இரண்டாவது வாரம் படகை விட்டுப் பார்த்தார்கள். புயல் படகுகளை உடைக்கவில்லை, உள்ளே போனதைத் திருப்பி எடுத்துக் கரையில் வைத்தது, ஆளும் மரமும் நனைந்திருந்ததைத் தவிர ஒரு சேதமும் இல்லை. கடலுக்குள்ளும் அது நீண்டு வளைந்து போயிருந்தது. மறுமுனையைச் சுற்றிக்கொண்டு வரலாம் என்று போன விசைப்படகுகள் நாலு நாள் ஓடியும் முனையைக் காணாமல் டீசல் தீரும் நேரத்தில் திரும்பின. திட்டில் இருப்பவர்களுக்குப் போன் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் அலுக்காமல் சொன்னது. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், படம் பிடித்தார்கள். புயல் கரையைக் கடந்தது என்று எழுதவும் முடியாமல் கடக்கவில்லை என்று எழுதவும் முடியாமல், 'கரையைக் கடந்துகொண்டிருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு தினமும் காலைச் செய்தியின் கடைசியில் அந்த ஒரு வரியை வாசித்தார்கள்.

மூன்றாவது மாதம் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஊர்த் தலைவரான நாட்டார் கலியபெருமாள்தான் பேச்சை எடுத்தார்.

"என்னிக்கிருந்தாலும் இது போவும். போவுற அன்னிக்கு உள்ள இருக்கறவங்க பசியோடதான் வெளிய வருவாங்க. அன்னிக்கு அடுப்பு மூட்டி நூத்திருபது குடும்பத்துக்கு வடிக்கிறது நடக்காது. முன்கூட்டியே கட்டி வச்சிடணும். எப்படிக் கட்டுறதுன்னு மரகதத்தைக் கேளுங்க."

மரகதவல்லி பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை பார்த்தாள். மூட்டை அரிசியில் வண்டு வராமலும் பருப்பில் புழு வைக்காமலும் பார்த்துக்கொள்வதில் பதினாலு வருடப் பழக்கம் அவளுக்கு. அரிசியை இரண்டு வெயில் காயவைக்க வேண்டும் என்றாள். காய்ந்ததைச் சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், ஒரு ராத்திரி நிழலில் ஆறவிட வேண்டும் என்றாள். துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவு, அரிசிக்கு வசம்பைத் தட்டிப் போடு, வேர்க்கடலை மட்டும் வேண்டாம், ஆறு மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடும் என்றாள். தடித்த பிளாஸ்டிக் பையின் வாயை ரம்பத் தகட்டின் மேல் மடித்து மெழுகுவத்தியில் ஒரு இழுப்பு இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய பைகளை எண்ணெய் டின்னுக்குள் அடுக்கி, மூடியைச் சுற்றி மெழுகு வார்த்துவிட்டால் இரண்டு வருடத்துக்குக் காற்றும் போகாது, எறும்பும் போகாது. ஊர் கேட்டுக்கொண்டது. அந்தத் தை மாதம் பெரியமேட்டில் மீன் காய்ந்த மணலிலெல்லாம் அரிசி காய்ந்தது, அவல் காய்ந்தது, கத்தரி வற்றலும் கொத்தவரை வற்றலும் காய்ந்தன, வலையும் பாயும் வைத்திருந்த கொட்டகைகளில் டின்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின.

சுடர்க்கொடிக்கென்று மரகதவல்லி தனியாக ஒரு டின் கட்டினாள். பொரிகடலை, வெல்லம், எள்ளடை, வறுத்து அரைத்த சத்துமாவு. கட்டும்போது, அடுத்த மாதமே பிரித்துவிடப்போகிறோம் என்றுதான் நினைத்தாள்.

மாதங்கள் போயின, புயல் போகவில்லை. ஊர் அதற்குப் பழகியது. ஜன்னல்களைக் கிழக்கில் அடைத்து மேற்கில் திறந்துகொண்டார்கள். அதன் இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பேசி எல்லோருக்கும் தொண்டை பெருத்துவிட்டது. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் பெரியமேட்டுக்காரர்கள் சண்டை போடுவதாக நினைத்து ஆட்கள் விலக்க வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் புயலைப் பார்க்க வேன்களில் ஜனம் வந்தது, கை நீட்டி நனைத்துக்கொண்டது, சுண்டல் வாங்கித் தின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஊரை வரையச் சொன்னால் கோயில், பள்ளிக்கூடம், புயல் என்று மூன்றையும் வரைந்தார்கள். புயல் இல்லாத கழிமுகத்தைப் பார்த்திராத குழந்தைகள் பிறந்து நடக்கத் தொடங்கின. மழையெல்லாம் அந்த ஒரு இடத்திலேயே பெய்துகொண்டிருந்ததாலோ என்னவோ, ஊருக்குள் மழை குறைந்து, கிணறு அடி மண்ணைக் காட்டியது.

கட்டி வைத்ததை அப்படியே விட்டுவிடவும் முடியாது. இரண்டாம் வருடம் தாண்டினால் பருப்பு வேகாது, மாவு கசக்கும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை ஆடி மாதத்தில் பழைய டின்களைப் பிரித்து ஊர் தின்றுவிட்டு, புதிதாக வந்த அரிசியை அக்கரைக்காகக் கட்டி வைக்கும் வழக்கம் வந்தது. அறுவடை அரிசி ஊருக்குள் வந்ததும் நேரே வெயிலுக்கும் நிழலுக்கும் டின்னுக்கும் போயிற்று. இரண்டு வருடத்துக்கு முந்தைய அரிசி டின்னிலிருந்து உலைக்கு வந்தது. பெரியமேட்டில் யாரும் அந்த வருடத்துச் சோற்றை அந்த வருடத்தில் தின்னவில்லை. வசம்பு வாடை இல்லாத சோறு எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிற்று.

மரகதவல்லி தன் மகளின் டின்னையும் ஒவ்வொரு ஆடியிலும் பிரித்துக் கட்டினாள். மூன்றாம் வருடம் எள்ளடையைக் குறைத்தாள். பதினாலு வயசுப் பிள்ளை அதையெல்லாம் குழந்தைத் தீனி என்று சொல்லும். நாலாம் வருடம், சுத்தமான பழைய பருத்திப் புடவையைத் துவைத்துக் கிழித்து மடித்து, அதையும் ஒரு பையில் போட்டு மெழுகுவத்தியில் வாய் ஒட்டி உள்ளே வைத்தாள். உளுந்தும் கருப்பட்டியும் வைத்தாள். ஏழாம் வருடம் என்ன வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயசில் அந்தப் பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்பதைச் சொல்ல யாரும் இல்லை. கடைசியில் வெறும் அரிசியும் பருப்பும் புளியும் வைத்தாள், பெரியவர்களுக்கு வைப்பதுபோல.

கழிமுகம் அடைபட்டுப் போனதால் படகுகள் பன்னிரண்டு மைல் தெற்கே போய்த்தான் கடலில் இறங்க வேண்டியிருந்தது. மீன்பாடு குறைந்தது. மழை இல்லாமல், பக்கத்து ஊர்களில் நெல்லும் குறைந்தது. அந்த ஏழாம் வருடம் மாசியில், மூன்றாவது வீட்டு அஞ்சலாட்சி மரகதவல்லியின் வாசலில் வந்து நின்றாள். புருஷனைப் படகில் இழந்தவள், மூன்று பிள்ளைகள்.

"அக்கா, ஒரே ஒரு டின்னு குடு. ஆடிக்குப் பிரிக்கிறதை இப்பவே பிரிச்சதா இருக்கட்டும்."

"அது அக்கரை சாமான், அஞ்சலாட்சி. என் வீட்டு அரிசி ரெண்டு படி இருக்கு, அதை எடுத்துட்டுப் போ."

"ரெண்டு படி ரெண்டு நாளைக்கு. அப்புறம்?" அஞ்சலாட்சி சத்தம் போடவில்லை. "உள்ள இருக்கறவங்க பசிக்குக் கட்டி வைக்கிறோம் சரிதான். வெளிய இருக்கற பசிக்கு யாரு கட்டுறது?"

மரகதவல்லி இரண்டு படி அரிசியை அளந்து கொடுத்தாள். மூன்று நாள் கழித்துக் கொட்டகையில் டின்களை எண்ணியபோது இரண்டு குறைந்தது. அவள் புருஷன் தேசிங்கு, வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், தலையைத் தூக்காமல் சொன்னான்.

"நான்தான் குடுத்தேன்."

"கேக்காம குடுத்திருக்கீங்க."

"கேட்டா குடுக்க மாட்ட."

"உங்க பொண்ணு வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

தேசிங்கு வலை ஊசியைக் கீழே வைத்தான். ஏழு வருடமாக வேலைக்குப் போய்வந்து, பிறகு மூட்டை சுமந்து, மணல் கூட்டி, டின் நெளிவு எடுத்து, மெழுகு காய்ச்சி, தோளெல்லாம் இறங்கிப்போன ஆள் அவன். "மரகதம், ஏழு வருசம் யாராலயும் மழையில நிக்க முடியாது. எனக்கு முடியலை. எனக்கு ஒரு நாள் சும்மா உக்காரணும். ஒரு நாள் அவளுக்காக அழுதுட்டு, மறுநாள் எழுந்து கடலுக்குப் போகணும். நீ என்னை அழவும் விட மாட்டேங்கற."

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். பிறகு, "அவ இல்லைன்னு நீங்க சொல்லிட்டா, நாளைக்கு எழுந்திரிச்சு நான் எதை வறுக்கறது," என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் சத்துமாவுக்குக் கம்பு கிடந்தது. அதைக் கருகவிடாமல் கிளறினாள்.

அதன் பிறகு அவள் அஞ்சலாட்சிக்கு மாதம் ஒரு டின் தானாகவே கொடுத்தனுப்பினாள். ஊரும் மெல்ல மெல்லக் கை தளர்ந்தது. யாரும் கூட்டம் போட்டு நிறுத்தவில்லை. ஒரு வீட்டில் முதுகு வலி, ஒரு வீட்டில் மகன் சென்னைக்குப் போய்விட்டான், ஒரு வீட்டில் டின் துருப்பிடித்துவிட்டது. எட்டாம் வருடம் பதினோரு வீடுகள் கட்டின. ஒன்பதாம் வருடம் நாலு வீடுகள். நாட்டார் கலியபெருமாள் படுக்கையில் விழுந்தார்; அவர் வீட்டு டின்களையும் மரகதவல்லியே கட்டினாள். அவளுடைய வலது கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மெழுகுவத்திச் சூட்டில் ரேகை அழிந்து வழவழவென்று இருந்தன. ரேஷன் கடை மெஷின் அவளை அடையாளம் தெரியவில்லை என்று மூன்று தடவை சொன்னது.

ஒன்பதாம் வருடம் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, மரகதவல்லி மணலில் அரிசியைக் காலால் துழாவித் திருப்பிக்கொண்டிருந்தாள். அப்போது புயல் போய்விட்டது.

எப்படிப் போனது என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் ஒருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இரைச்சல் நின்றதும் முதலில் எல்லோரும் காது போய்விட்டது என்றே நினைத்தார்கள். பிறகு திரும்பிப் பார்த்தார்கள். கழிமுகம் தட்டையாகக் கிடந்தது. அந்தப் பக்கம் சவுக்கு மரங்கள் தெரிந்தன, கூரைகள் தெரிந்தன, கரை நெடுக ஆட்கள் நிற்பதும் தெரிந்தது.

தேசிங்கு படகைத் தள்ளினான். ஒருவரும் ஒன்றும் சொல்லாமலே கொட்டகைகளிலிருந்து டின்கள் இறங்கின; இரண்டு வருடமாகக் கட்டாதவர்களும் ஓடி வந்து தூக்கினார்கள். பத்துப் பன்னிரண்டு படகுகள், தண்ணீர் விளிம்பில் தட்டும் அளவுக்குப் பாரம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டன. மரகதவல்லி டின்களுக்கு நடுவே, மகளின் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி வழி போகும்போதுதான், அந்தப் பக்கத்திலிருந்தும் படகுகள் புறப்பட்டு வருவது தெரிந்தது. அவையும் தண்ணீர் விளிம்பில் தட்டத் தட்ட, பாரத்தோடு வந்தன.

முன்னால் வந்த படகில் ஒரு இளம்பெண் நின்றுகொண்டு கழி ஊன்றி வந்தாள். வெயிலில் காய்ந்த முகம், நரம்பு புடைத்த முன்கை. படகு முழுக்க ஓலைக்கூடைகள். கூடைகளின் வாயைச் சாக்கு வைத்துத் தைத்திருந்தது. அவள் படகை நிறுத்தி, பெரியமேட்டுக்காரர்களைப் போலவே பெரிய தொண்டையில் கூப்பிட்டாள்.

"எல்லாரும் உசுரோட இருக்கீங்களா? எத்தனை பேரு மிச்சம்?"

தேசிங்குக்குக் கேள்வி புரியவில்லை. "யாரும்மா நீ?" என்றான்.

மரகதவல்லிக்குப் புரிந்துவிட்டது. புருவத்தில் இருந்த வடுவைப் பார்த்தாள். நாலு வயசில் துடுப்பு பட்டுக் கிழிந்த வடு. எழுந்து நிற்கப் பார்த்தாள், மடியில் இருந்த டின் விடவில்லை. "சுடரு," என்றாள்.

அந்தப் பெண் கழியை ஊன்றியபடியே அவளைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள், டின்னின் காய்ந்த மூடியைப் பார்த்தாள். அவள் முகம் குழம்பியது.

"அம்மா, நீ ஏன் நனையலை?"

பிறகு இரண்டு படகுகளும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன, பின்னால் வந்தவையும் வந்து ஒட்டின, நடுத்தண்ணீரில் அவ்வளவு படகுகளும் ஒரு மேடு போல ஆயின. அங்கே வைத்துத்தான் எல்லாம் தெரியவந்தது. கொக்குத்திட்டில் இந்த ஒன்பது வருடமும் வெயில் அடித்திருந்தது. கரையில் தண்ணீர் தொடங்கும் இடத்தில் மழை தொடங்கியதை அவர்களும் பார்த்திருந்தார்கள். கை நீட்டி நனைந்திருந்தார்கள். அந்தக் கறுப்புக்குப் பின்னால் பெரியமேடு தெரியவில்லை. பாவம், ஊர் முழுக்கப் புயலுக்குள் மாட்டிக்கொண்டது, போகிற அன்று பசியோடுதான் வெளியே வருவார்கள் என்று கூட்டம் போட்டுப் பேசியிருந்தார்கள். பின்பக்கக் கடலில் பிடித்த மீனையெல்லாம் உப்பிட்டுக் காயவைத்து, உமி பரப்பிய கூடைகளில் அடுக்கி, வாய் தைத்து வைத்தார்கள். மணல் கிழங்கும் கேழ்வரகும், கெடப்போகிற பழைய கருவாடும்தான் அவர்கள் தின்றது.

யாரும் சிரிக்கவில்லை. ஓரிரண்டு பேர் அழுதார்கள், அதுவும் சத்தமில்லாமல், களைத்துப்போய் அழுவதுபோல. ஒருவர் கட்டியதை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கருவாட்டுக் கூடை போயிற்று, இங்கிருந்து அரிசி டின் அங்கே போயிற்று. வாங்கியவர்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் காலடியில் வைத்தார்கள்.

"உன் சித்தப்பா எங்க?" என்று தேசிங்கு கேட்டான்.

"ரெண்டாம் வருசமே போயிட்டாரு. அப்பா அம்மா பட்டினியா கிடப்பாங்கன்னு நான் அழுதுட்டே இருந்தேன். ஒரு கூடையாவது குடுத்துட்டு வந்துடறேன்னு கடல் பக்கமாச் சுத்திக்கிட்டுப் போனாரு. படகு மட்டும் வந்துச்சு." சுடர்க்கொடி அதை, பலமுறை சொல்லித் தேய்ந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

தேசிங்கு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவன் முதுகு குலுங்கியது. அழவும் விட மாட்டேங்கற என்று அவன் அன்று குறை சொன்ன மனைவி இப்போது அவன் முதுகில் கையை வைத்தாள், எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சுடர்க்கொடி வெயிலை அண்ணாந்து பார்த்தாள்.

"நான் திரும்பணும்மா. நெத்திலி காயப் போட்டது போட்டபடி இருக்கு, மத்தியானத்துக்குள்ள திருப்பலைன்னா வீணாப்போயிடும். சித்தி தனியா இருக்கு, அதுக்கு ஒரு கண்ணு சரியாத் தெரியலை."

"இன்னுமா காய வைக்கணும்?" என்றாள் மரகதவல்லி. "யாருக்கு?"

சுடர்க்கொடி யோசித்தாள். "தெரியலை. போட்டாச்சே."

மரகதவல்லிக்கு மணலில் தானும் அரிசியை அப்படியே விட்டு வந்தது நினைவு வந்தது. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அரிசியை நான் பாத்துக்கறேன். நீ போய்ட்டு வா," என்றான். அவள் மடியில் இருந்த டின்னை அவனிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு படகிலிருந்து மறு படகில் காலை வைத்தாள். சுடர்க்கொடி கையைக் கொடுத்துத் தூக்கினாள். அந்தக் கை உப்பில் வெடித்து, தன் கையைவிடச் சொரசொரப்பாக இருந்ததை அம்மா கவனித்தாள்.

பூங்காவனம் கரையில் கழுத்தளவு புடவையைப் போர்த்திக்கொண்டு, சரியாகத் தெரியும் கண்ணைத் தண்ணீர்ப் பக்கம் வைத்து நின்றிருந்தாள். அக்காவைத் தடவிப் பார்த்தாள். "இளைச்சிட்டியேக்கா," என்றாள். "நீயும்தான்," என்றாள் அக்கா. வீட்டுக்குள் சுவர் தெரியாமல் கூடைகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு ஆள் படுக்கும் அளவுக்குத்தான் இடம் மிச்சம். மரகதவல்லி அங்கே ஒரு சாக்கின் மேல் கொஞ்சம் உட்காருகிறேன் என்று உட்கார்ந்தாள், கூடையில் சாய்ந்தாள், சாய்ந்தபடியே தூங்கிப்போனாள்.

சுடர்க்கொடி வெளியே போய் நெத்திலியைத் திருப்பிப் போட்டாள். அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பூங்காவனம் கல் அடுப்பில் டின்னிலிருந்து எடுத்த பெரியமேட்டு அரிசியை வடித்து, காலையில் வந்த மீனைக் காயப் போடாமல் அப்படியே குழம்பு வைத்தாள். வெயில் இறங்கத் தொடங்கியது. மரகதவல்லி அசையவில்லை, மூச்சு மட்டும் சீராக வந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது.

"எழுப்பட்டுமாடி? சோறு ஆறுது," என்றாள் பூங்காவனம்.

சுடர்க்கொடி வாசற்படியில் நின்று அம்மாவைப் பார்த்தாள்.

"வேணாம் சித்தி. எழுந்தா உடனே எதையாவது கட்ட ஆரம்பிச்சிடும்."

அவர்கள் இருவரும் தின்றுவிட்டு, அவள் பங்கை ஒரு தட்டால் மூடி வைத்துவிட்டு, மீனை அள்ளப் போனார்கள்.